"வசனம் பொய்யா அண்ணா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை

ஆராதனைத் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடமாக எங்கள் சபையில் வாலிபர் கூடுகையை நடத்தி வருகிறேன். பாட்டு, ஜெபம், சாட்சி, கடைசியில் பத்து நிமிடம் வசனம். பாட்டுக்கு ஒரு வாரம் பயிற்சி எடுப்போம். ஜெபத்துக்கு முந்தின நாள் உபவாசம் இருப்பேன். அந்தப் பத்து நிமிட வசனத்துக்கு மட்டும் எந்தத் தயாரிப்பும் இருந்ததில்லை. அன்றைக்கு மனதில் எது ஓடுகிறதோ அந்த வசனத்தை எடுப்பேன், உரக்கச் சொல்வேன், எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைப்பேன். இதில் நடிப்பு எதுவும் இல்லை. சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும், கண்ணீர் வரும்.

எங்கள் கூட்டத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். தேர்வுக்கு முந்தின வாரம் பயந்துபோய் வந்தான். தலையில் கைவைத்து ஜெபித்தேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தை முப்பது தடவை சொல்ல வைத்தேன். "நீ தோற்கவே மாட்டாய். இது நான் சொல்வதில்லை, தேவனுடைய வார்த்தை சொல்கிறது" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டான். மூன்று வாரம் கூடுகைக்கு வரவில்லை. தேடிப் போனேன். கண்ணைப் பார்க்காமலே கேட்டான்: "வசனம் பொய்யா அண்ணா? இல்ல, நான்தான் சரியா விசுவாசிக்கலையா?"

இரண்டில் எதற்குமே 'ஆமாம்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அது என்ன என்று தெரியவில்லை. ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அவனைச் சொல்ல வைத்த அந்த 13-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில், நிருபத்தை எழுதிய பவுல் பட்டினியாய் இருந்ததைப் பற்றிப் பேசுகிறார். குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். 13-ஐ எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. 12-ஐ ஒரு தடவைகூட யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. விடியும்வரை தூக்கம் வரவில்லை.

இனிமேல் வேதத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் ஒரு பயம் இருக்கிறது. நான் மதிக்கிற ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதிகம் படிக்காதே தம்பி. எழுத்து கொல்லுகிறது, ஆவியே உயிர்ப்பிக்கிறது. படித்துப் படித்து அனல் அணைந்துபோன எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையான கவலையோடுதான் சொன்னார். அதனால்தான் அது மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

படித்தால் அனல் அணைந்துவிடுமா? படிப்பது என்றால் எங்கிருந்து தொடங்குவது? அந்தப் பையனிடம் என்ன சொல்வது? யாராவது சொல்லுங்கள்.

---

பழைய வாசகன் எழுதியது:

தம்பி, அந்த இரவு தூக்கம் வராமல் போனதற்கு முதலில் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். 12-ஆம் வசனம் கண்ணில் பட்ட பிறகும் பேசாமல் தூங்குகிறவர்கள் உண்டு. நானும் பல வருடம் அப்படித் தூங்கியவன்தான்.

உங்கள் பயத்துக்குத் தாவீதின் கதையில் பதில் இருக்கிறது. அவர் உடன்படிக்கைப் பெட்டியை (பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த பெட்டி) எருசலேமுக்குக் கொண்டுவந்தது ஒரே தடவையில் முடிந்த காரியமல்ல. இரண்டு தடவை நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

முதல் தடவை முப்பதாயிரம் பேர். சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம் எல்லாம் உண்டு. பெட்டியைப் புது இரதத்தில் ஏற்றினார்கள். புதுசு என்றால் மரியாதைக்காகத்தான் இருக்கும், குறை சொல்ல முடியாது. வழியில் மாடுகள் மிரண்டன. ஊசா பெட்டியைப் பிடித்தான், அங்கேயே செத்தான். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. விழப்போனதைத் தாங்கிப் பிடித்தவனுக்கு இப்படியா என்று. தாவீதுக்கே விசனம் வந்தது, அப்புறம் பயம் வந்தது. பெட்டியை ஓபேத்ஏதோமின் வீட்டில் மூன்று மாதம் விட்டுவைத்தார்.

இப்போது 1 நாளாகமம் 13-ஐ எடுங்கள். புறப்படுவதற்கு முன் தாவீது ஆயிரம்பேருக்குத் தலைவர், நூறுபேருக்குத் தலைவர் எல்லாரிடமும் ஆலோசனை கேட்கிறார். அந்தக் காரியம் எல்லா ஜனத்தின் பார்வைக்கும் சரியாகத் தோன்றியது என்று எழுதியிருக்கிறது. எல்லாரையும் கேட்டார்கள். நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததாக மட்டும் அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆனால் அது எழுதப்பட்டுத்தான் இருந்தது. எண்ணாகமம் 7-இல் ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்காக ஆறு வண்டிகள் வருகின்றன. மோசே அவற்றில் இரண்டை லேவி கோத்திரத்தில் கெர்சோனின் புத்திரருக்கும் நாலை மெராரியின் புத்திரருக்கும் கொடுக்கிறார். கோகாத்தின் புத்திரருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பெட்டி உட்பட அவர்கள் சுமக்கிறவை பரிசுத்தமானவை, தோளின்மேல்தான் சுமக்க வேண்டும். தொட்டால் சாவு என்று 4:15-இலேயே எச்சரிப்பும் இருக்கிறது. அப்படியானால் புது வண்டி யோசனை எங்கிருந்து வந்தது? 1 சாமுவேல் 6-ஐப் பாருங்கள். பெட்டியைப் புது வண்டியில் வைத்து அனுப்பியவர்கள் பெலிஸ்தர். அவர்களிடம் மோசேயின் புத்தகம் இல்லை, தெரிந்ததைச் செய்தார்கள். தாவீதின் கையில் புத்தகம் இருந்தது, அவரும் அதையே செய்தார்.

மூன்று மாதத்துக்கு அப்புறம் தாவீது லேவியரைக் கூப்பிட்டு, நாம் அவரை முறைப்படி தேடாமல் போனோம் என்று ஒத்துக்கொள்கிறார் (1 நாளாகமம் 15:13). இந்தத் தடவை மோசே கற்பித்தபடியே தண்டுகளைத் தோளில் வைத்துச் சுமக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். முதல் ஊர்வலத்தில் அவர்கள் 'முழுப் பலத்தோடும்' ஆடிப்பாடினார்கள் என்று இருக்கிறது (1 நாளாகமம் 13:8). இரண்டாவது ஊர்வலத்தில் தாவீது எப்படி ஆடினார்? அங்கேயும் 'முழுப் பலத்தோடும்' என்றுதான் இருக்கிறது (2 சாமுவேல் 6:14). நடுவில் ஒரு சாவு நடந்திருக்கிறது, மூன்று மாதப் பயம் இருந்திருக்கிறது, எழுதியிருப்பதைப் போய்ப் பார்த்த வேலையும் நடந்திருக்கிறது. அவர் ஆட்டம் ஒரு பிடியாவது குறைந்ததா? ஜன்னல் வழியாகப் பார்த்த அவர் மனைவி மீகாள் முகம் சுளிக்கிற அளவுக்கு ஆடியது இந்த இரண்டாவது தடவையில்தான்.

அந்தப் பெரியவர் சொன்ன வசனத்தையும் பார்த்துவிடுவோம். 2 கொரிந்தியர் 3:6. அதே அதிகாரத்தை 3-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கற்பலகைகள், இருதயமாகிய சதையான பலகைகள் என்று பேச்சு போகிறது. 7-இல் மோசேயின் முகப்பிரகாசம் வருகிறது. கல்லில் எழுதப்பட்ட பழைய உடன்படிக்கையையும், ஆவியானவர் இருதயத்தில் எழுதுகிற புதிய உடன்படிக்கையையும் பவுல் ஒப்பிடுகிறார். வேதத்தைப் படிப்பதா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே இல்லை. படிக்கக் கூடாது என்பதற்கு ஆதாரமாக நாம் பிடித்துக்கொண்டிருக்கிற வசனத்தையே நாம் முழுதாகப் படிக்கவில்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் என் வாயாலேயே அதை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

---

மேசை விளக்கு எழுதியது:

மேலே ஐயா எழுதியதை வாசித்துத் தேவனை ஸ்தோத்திரித்தேன். ஆனால் அந்தப் பெரியவருக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவர் எடுத்த வசனம் பொருந்தாது, சரி. அவர் பார்த்ததாகச் சொன்ன ஆட்கள் உண்மையான ஆட்கள். அதில் நானும் ஒருவன்.

நாலு வருடம் இறையியல் படித்தேன். கிரேக்கம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். மூன்றாம் வருட முடிவில் ஒருநாள், தனியாக ஜெபித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. யார் பிரசங்கம் செய்தாலும் எங்கே தப்பு என்றுதான் காது தேடும். வயதான ஒரு அம்மா கண்ணீரோடு சாட்சி சொன்னார்கள். நான் உட்கார்ந்து அவர்கள் வசனத்தைத் தப்பாகச் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப்போட மனம் வரவில்லை, மறந்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் எடுக்கிற வசனம் ரோமர் 10:2. தேவனைப்பற்றி அவர்களுக்கு வைராக்கியம் உண்டு, ஆகிலும் அது அறிவுக்கேற்ற வைராக்கியமல்ல. இதைச் சொல்லி 'ஆகவே நிறையப் படியுங்கள்' என்று முடித்துவிடுகிறோம். யாரைப் பற்றிப் பவுல் அப்படிச் சொன்னார்? வேதத்தைச் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்தவர்களைப் பற்றி! தன் பழைய வாழ்க்கையையும் மனதில் வைத்துத்தான் அதை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். நியாயப்பிரமாண ஆசிரியர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர் (அப்போஸ்தலர் 22:3). பக்தி வைராக்கியத்தின்படி சபையைத் துன்பப்படுத்தினவன் என்று தன்னைப் பற்றியே சொல்கிறார் (பிலிப்பியர் 3:6). வைராக்கியமும் இருந்தது, படிப்பும் இருந்தது. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரத்துக்குக் காவலும் இருந்தார்.

அப்படியானால் எந்த அறிவு இல்லாமல் போனது? அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. தேவநீதியை அறியாமல் தங்கள் சொந்த நீதியை நிலைநிறுத்தத் தேடினார்கள். வசனங்கள் தெரியும். அவை யாரைக் காட்டுகின்றனவோ அவரைத் தெரியவில்லை. யோவான் 5:39-40-இல் இயேசு சொல்வதும் இதையேதான். வேதவாக்கியங்களை ஆராய்கிறீர்கள், அவை என்னைக் குறித்துச் சாட்சி சொல்கின்றன, என்னிடத்திலோ வர மனதில்லை என்கிறார்.

என் அனல் அணைந்ததற்குப் படிப்பைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஜெயிப்பதற்காகப் படித்தேன், அதுதான் காரணம். தம்பி, நீங்கள் ஒரு பையனுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதால் படிக்கத் தொடங்குகிறீர்கள். நான் தொடங்கிய இடத்தைவிட அது எவ்வளவோ நல்ல இடம். அந்தப் பையனின் முகத்தை மறக்காமல் படியுங்கள். ஜெபத்தில் எதையும் குறைக்காதீர்கள். உபவாசத்தையும் விடாதீர்கள்.

---

தோழி ரூத் எழுதியது:

எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே! நான் சொல்கிறேன்.

தம்பி, பெரிய விளக்கவுரை எதையும் இப்போது வாங்க வேண்டாம். உங்களைக் கலங்க வைத்த அந்த நிருபத்தையே எடுங்கள். பிலிப்பியர் நாலே அதிகாரம், 104 வசனம். உட்கார்ந்த இடத்தில், வாய்விட்டு, தொடக்கம் முதல் முடிவுவரை வாசியுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. அதிகாரத்துக்கு அதிகாரம் நிறுத்தாதீர்கள். அது ஒரு கடிதம். நமக்கு யாராவது கடிதம் எழுதினால் நடுவில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தா வாசிப்போம்? மறுநாளும் அதையே வாசியுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள் கேள்விகள் தானாக வரும். எழுதுகிறவர் எங்கே இருக்கிறார்? ஏன் எழுதுகிறார்? யாருக்கு உடம்பு சரியில்லை? யார் யாரோடு மனஸ்தாபம்? பதில் பெரும்பாலும் அந்த நாலு அதிகாரத்துக்குள்ளேயே கிடைக்கும். கிடைக்காததை ஒரு நோட்டில் எழுதிவைத்துத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். எத்தியோப்பிய மந்திரி பெரிய அதிகாரி. ஏசாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று இரதத்தில் ஏறச் சொல்லிப் பிலிப்பைக் கூப்பிட்டார்.

அப்பொல்லோவையும் நினைத்துப் பாருங்கள். ஆவியில் அனலுள்ளவர், வேதத்தில் வல்லவர், பேச்சிலும் சமர்த்தர். யோவானுடைய ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய் இன்னும் திட்டமாய் விவரித்துச் சொன்னார்கள். கூடாரம் செய்கிறவர்கள் அவர்கள். அவரும் உட்கார்ந்து கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. அனலுள்ள ஒரு பிரசங்கியார், ஒரு தொழிலாளியின் மனைவி சொல்வதை உட்கார்ந்து கேட்கிறார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எரேமியா 29:11. 'உங்களுக்கு எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுக்கும்படி' என்று வருமே, அதுதான். இருபத்திரண்டு வயதில் ஒரு வேலைக்காக அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டேன். வேலை கிடைத்தது. வசனம் பலித்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். அப்புறம் அம்மா படுத்த படுக்கையானார்கள். பதினோரு வருடம். அந்த வேலையையும் விட்டேன். வசனம் வாயில் கசந்தது.

ஒருநாள் இரவு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். அதுவும் ஒரு கடிதம்தான். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதிருங்கள் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். 10-ஆம் வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. எழுபது! அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களைப் பார்த்துத்தான் உங்களைப் பற்றி நான் நினைக்கிற நினைவு தீமைக்கல்ல என்று கர்த்தர் சொல்கிறார். நான் அன்றைக்கு அழுத மாதிரி எந்த ஆராதனையிலும் அழுததில்லை. அந்த வசனம் எனக்கு ஒன்றையும் வாங்கித் தராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பிப் போக முடியாத இடத்திலும் அவர் நினைவில் நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அம்மாவோடு இருந்த வருடங்களை அந்த வசனத்தோடுதான் கடந்தேன்.

நெகேமியா 8-இல் இதேதான் நடக்கிறது. எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். லேவியர் அர்த்தம் சொல்லி விளங்க வைக்கிறார்கள். ஜனங்கள் அழுகிறார்கள், அப்புறம் மிகுந்த சந்தோஷம் கொண்டாடுகிறார்கள். 12-ஆம் வசனம் காரணம் சொல்கிறது. அறிவிக்கப்பட்ட வார்த்தைகளை உணர்ந்துகொண்டார்களாம். 'கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்' என்று நாம் பாட்டாகப் பாடுகிறோமே, அது இந்த வாசிப்புக் கூட்டத்தில் சொல்லப்பட்டது.

அந்தப் பையனிடம் விளக்கம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "வசனம் பொய்யில்லை, உன் விசுவாசத்திலும் குறை இல்லை. நான்தான் வசனம் சொல்லாததை வசனம் சொன்னதாகச் சொன்னேன்" என்று சொல்லுங்கள். அதுதான் நீங்கள் தேடின மூன்றாவது பதில்.

---

பழைய ஏடு எழுதியது:

சகோதரி சொன்ன மன்னிப்பைப் பற்றி மட்டும் சரித்திரத்திலிருந்து ஒன்று.

1740-களில் அமெரிக்கக் குடியேற்றங்களில் பெரிய எழுப்புதல் நடந்தது. அதில் ஜேம்ஸ் டேவன்போர்ட் என்று ஒரு போதகர் இருந்தார். அனல் என்றால் அப்படி ஒரு அனல். மற்றப் போதகர்களை மனந்திரும்பாதவர்கள் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவார். உள்ளத்தில் தோன்றுகிற உந்துதலை ஆவியானவரின் சத்தம் என்று எடுத்துக்கொள்வார். 1743 மார்ச்சில் கனெக்டிகட்டின் நியூ லண்டனில், ஜனங்களைத் திரட்டி, பக்தியுள்ள பழைய ஊழியர்கள் எழுதிய புத்தகங்களையே தீயில் போட வைத்தார். மறுநாள் ஆடம்பரம் என்று ஆடைகளையும் குவித்தார்கள்.

அடுத்த வருடம், 1744-இல், தன் தவறுகளை ஒத்துக்கொண்டு அச்சில் வெளியிட்டார். உந்துதல்களையே நடத்தைக்கு விதியாக வைத்துக்கொண்டேன், அவை வசனத்தோடு வந்தாலும் வசனமில்லாமல் வந்தாலும் அப்படித்தான் செய்தேன், வேதம் முழுவதும் சேர்ந்து என்ன சொல்கிறது என்று பார்க்கத் தவறினேன் என்பது அதன் சாரம். 'வசனத்தோடு வந்தாலும்' என்பதைக் கவனியுங்கள். ஒரு வசனம் சட்டென்று மனதில் வந்துவிட்டதாலேயே அது அந்த நேரத்துக்கான வார்த்தை ஆகிவிடாது என்பதை அவர் அடிபட்டுக் கற்றுக்கொண்டார். இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் தேவாலயத்து உப்பரிகையில் 91-ஆம் சங்கீதத்தைத்தானே சொன்னான். இயேசு உபாகமத்திலிருந்து, 'என்றும் எழுதியிருக்கிறதே' என்று இன்னொரு வசனத்தைப் பக்கத்தில் வைத்தார்.

அதே காலத்து இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் இருதயம் விசித்திரமாய் அனல் கொண்டது என்று எழுதியது 1738 மே 24. அந்த மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். முன்னுரையை! அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. உங்கள் பெரியவரிடம் அன்போடு இதைச் சொல்லுங்கள் தம்பி, வாதத்துக்காக வேண்டாம். அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

---

ஆராதனைத் தம்பி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பல தடவை வாசித்தேன்.

அக்கா சொன்னபடி முதலில் போய் மன்னிப்புக் கேட்டேன். பேச ஆரம்பித்ததும் எனக்கே குரல் உடைந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப என் விசுவாசம் சரிதானா?" என்று மட்டும் இன்னொரு தடவை கேட்டான். ஆமாம் என்றேன். அந்த வாரக் கூடுகையில், அவன் பெயரைச் சொல்லாமல், எல்லார் முன்னாலும் சொன்னேன். ஆறு வருடமாக வசனங்களை எப்படிப் பயன்படுத்தினேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அன்றைக்குப் பாட்டு சரியாக வரவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டு ஜெபித்தோம்.

அடுத்த வாரம் பத்து நிமிடத்துக்குப் பதிலாக நாற்பது நிமிடம் எடுத்தோம். பிலிப்பியரை ஆளுக்கு ஒரு பகுதியாக முழுவதும் வாசித்தோம். அவனும் வந்திருந்தான். இரண்டாம் அதிகாரம் அவன் பங்கு. பிலிப்பியர் பவுலுக்கு உதவியாக அனுப்பின எப்பாப்பிரோதீத்து வருகிற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டான். "அண்ணா, இவர் சாகுற அளவுக்கு வியாதியா இருந்தாராமே. பவுல் பக்கத்துல இருந்துமா?" என்றான். இரக்கம் கிடைத்துப் பிழைத்தார் என்று அடுத்த வரியில் இருக்கிறது. ஆனால் பவுலுக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடிக்குத் தேவன் அவருக்கும் இரங்கினார் என்றும் அதே வரியில் இருக்கிறது. எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்று எழுதியவர் அந்த வியாதியைப் பார்த்துப் பயந்துபோய் இருந்திருப்பார் போல. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவன்தான் கண்டுபிடித்தான்.

நாலாம் அதிகாரம் வந்தபோது 13-இல் நிறுத்தாமல் 14-க்குப் போனோம். ஆனாலும் என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு பங்கெடுத்தது நல்லது என்று பவுல் சொல்கிறார். பெலன் உண்டு என்று சொன்ன அடுத்த மூச்சிலேயே, நீங்கள் கூட நின்றது நல்லது என்கிறார். நான் அவனோடு தேர்வுக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்குக் கணக்குப் பாடம் தெரியும். மறுதேர்வுக்கு இப்போது சனிக்கிழமைகளில் உட்காருகிறோம்.

மேசை விளக்கு அண்ணன் எழுதியது மனதில் இருக்கிறது. படிக்க உட்காரும்போது முதலில் முழங்காலில் நிற்கிறேன். அனல் என்ன ஆயிற்று என்று கேட்டால், பிலிப்பியர் 1:9-ஐ வாசித்து நேற்று ராத்திரி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். உங்கள் அன்பு அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார். அன்பு அறிவிலே பெருகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

பெரியவரிடம் இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். 2 கொரிந்தியர் 3-ஐ அவரையே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொரு உதவி வேண்டும். கூடுகை முடிந்து போகும்போது அந்தப் பையன், "அண்ணா, பவுல் ஜெயில்ல இருந்து வெளிய வந்தாரா இல்லையா?" என்று கேட்டான். அப்போஸ்தலர் கடைசி அதிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தார் என்று சொல்லி அப்படியே முடிகிறது. அவனுக்கு என்ன சொல்வது? தெரியாது என்று இந்தத் தடவை நேராகச் சொல்லிவிட்டேன். முதல் அதிகாரத்திலிருந்து சேர்ந்தே வாசிப்போம் என்று முடிவாகியிருக்கிறது. பவுலின் பயணங்களைக் காட்டுகிற நல்ல வரைபடம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.